மாந்தோல் பொட்டலம்

சுந்தரியின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மாம்பழக் கூழ் பேக்டரியில் இருபத்து மூன்று சீசன் தோல் சீவியவள் அவள். கண்ணைக் கட்டி உட்கார வைத்து ஒரு பழத்தை நீட்டினால் போதும். இது பெங்களூரா ரகம், இது நீலம், இது கல் போட்டுப் பழுத்தது, இது மரத்திலேயே பழுத்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். “உன்னை போலீஸ்ல சேர்த்திருக்கணும்டி, நாய்ச் செலவு மிச்சம்” என்று அவள் புருஷன் திருமலை கிண்டல் பண்ணுவான். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வாய்க்கு என்ன பஞ்சம்!

அவள் பிறந்தது நகரியில், தறிக்காரர் வீட்டில். கட்டிக்கொடுத்த ஊரில் தறி இல்லை, மாந்தோப்பும் பேக்டரியும்தான். முதல் சீசனில் கத்தி பிடிக்கத் தெரியாமல் கட்டை விரலைச் சீவிக்கொண்டு நின்றபோது, எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த கமலம்மா தன் புடவை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டு, “பழத்தைச் சீவச் சொன்னா கையச் சீவிக்கினு நிக்கிற, நல்லா இருக்குதுடி உன் வேலை” என்று திட்டினாள். அன்றிலிருந்து இருபத்து மூன்று வருஷம் ஒரே மேசைதான், எதிரும் புதிருமாக. கமலம்மா ஆறு வயது மூத்தவள் என்பதால் சுந்தரிக்கு அவள் அக்கா.

அந்த மேசை சுந்தரிக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கும். வைகாசி வெயிலில் தகரக் கூரை கொதிக்க, லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். மேஸ்திரி கங்கையா நடந்துகொண்டே “பண்டு தினொத்து, பண்டு தினொத்து” என்று தெலுங்கில் கத்துவார். பழத்தைத் தின்னக்கூடாது, தின்றால் அன்றைய கூலி போச்சு. ஆனால் தோலைத் தின்னக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அது குப்பைக்குப் போவதுதானே! கமலம்மா முந்தானை முடிச்சில் உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டு வருவாள். கொஞ்சம் சதை ஒட்டியபடி தோலைச் சீவி, உப்புக்காரத்தில் தொட்டு, இரண்டு பேரும் கங்கையா பார்க்கப் பார்க்கவே மெல்லுவார்கள். அவர் முறைப்பார், தோல்தானே மேஸ்திரி என்று கமலம்மா வாயைத் திறந்து காட்டுவாள். பால் பட்டு உதடு வெந்துபோகும். சாயங்காலம் டிராக்டரில் திரும்பும்போது தலைமுடியிலிருந்து கால் விரல் வரை மாம்பழம் மணக்கும். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் கையை நக்கிப் பார்க்கும். அந்த வாசனைக்காகவே எத்தனை நாள் குளிக்காமல் படுத்திருக்கிறாள்!

பிறகு சுகர் வந்தது. முதலில் கமலம்மாவுக்கு, அடுத்த வருஷம் சுந்தரிக்கு. கமலம்மாவுக்கு அது கண்ணில் கை வைத்தது. வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணில் புரை விழுந்து, ஆளெல்லாம் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். திருப்பதியில் கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “சுகர் இருநூறுக்குக் கீழே வரணும். வந்தா ஆபரேஷன் பண்ணிடலாம். ரொம்ப நாள் விட்டா இந்தக் கண்ணும் கஷ்டம்தான்.” அப்போது அவளுக்கு முந்நூற்று இருபது. மகன் தேவேந்திரன் பெங்களூரில் வேலை, மருமகளுக்குக் கைக்குழந்தை. மாத்திரை அட்டை எது எதுவென்று தெரியாமல், போட்டால் போட்டேன், மறந்தால் மறந்தேன் என்று கமலம்மா காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கொரோனா வந்துபோனதிலிருந்து மூக்கும் செத்துவிட்டது அவளுக்கு. “கண்ணு பூட்ச்சி, மூக்கும் பூட்ச்சி, வாய் மட்டும்தான்டி மிச்சம்” என்பாள்.

போன சித்திரையில் ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பதியிலிருந்து பிரித்திகா என்ற பெண் வந்தாள். ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறவள். சுகர் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் தினமும் ஒரு பொட்டலம் பொடி கொடுப்பார்களாம். அது மாந்தோல் பொடி. பாதிப் பேருக்கு நிஜத் தோல், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற தனக்கும் தெரியாது என்றாள்.

“தோலா! அதை நாங்க வண்டி வண்டியா துன்னவங்கம்மா” என்று கமலம்மா சிரித்தாள்.

பிரித்திகா கோபித்துக்கொள்ளவில்லை, பொறுமையாகச் சொன்னாள். “தோல்ல துவர்ப்பா ஒரு சத்து இருக்கு இல்லம்மா, அது நம்ம வயித்துல ஜீரணம் ஆகாது. நேரா பெருங்குடலுக்குப் போயிடும். அங்க கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க கோடிக்கணக்குல இருக்குது. அதுங்க இந்தச் சத்தைத் தின்னு, உடைச்சு, வேற பொருளா மாத்திக் கொடுக்குது. அது ரத்தத்துல கலந்தா சுகரை அடக்க உதவுமான்னு பார்க்கறோம். ஆனா எல்லார் குடல்லயும் ஒரே கூட்டம் இல்ல. சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது.”

சுந்தரிக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. வயிற்றுக்குள்ளும் ஒரு பேக்டரி நடக்கிறது, அங்கேயும் ஒரு கூட்டம் உட்கார்ந்து தோலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. சில இடத்தில் வேலை தெரிந்த ஆள், சில இடத்தில் தெரியாத ஆள். இதற்கு இவ்வளவு இங்கிலீஷா என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விதிமுறை மூன்றுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் போட வேண்டும். மூன்று மாதம் மாங்காய், மாம்பழம் எதையும் தொடக்கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை மலத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துத் திருப்பதிக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றாவதைக் கேட்டதும் திருமலை விழுந்து விழுந்து சிரித்தான். “ஊர்ல திருப்பதிக்குப் போறவங்கோ முடி குடுத்துட்டு வருவாங்கோ. நீ இன்னாத்தக் குடுக்கப் போற பாரு!” பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, ஐஸ்கிரீமா என்று சந்திரகிரியில் ஏறிய ஒரு அம்மாள் கேட்டதும், கமலம்மா ஆமாம் என்று தலையாட்டியதும் தனிக் கதை.

கமலம்மாவுக்குக் கண் தெரியாததால் இரண்டு பேர் பொட்டலமும் சுந்தரி வீட்டிலேயே இருந்தது. காலையில் கமலம்மா சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். சுந்தரி முதலில் மாத்திரையைக் கையில் வைத்து விழுங்கச் சொல்வாள். பிறகு பொடியை மோரில் கரைத்துக் கொடுப்பாள். முதல் நாள் தன் பொட்டலத்தைக் கிழித்தாள். அவ்வளவுதான், இருபத்து மூன்று வருஷமும் மூக்கில் ஏறியது. அசல் பெங்களூராத் தோல், காம்புப் பக்கத்துப் பால் வாசனையோடு! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து கமலம்மாவின் பொட்டலம். கிழித்தாள், முகர்ந்தாள், இன்னொரு முறை முகர்ந்தாள். வறுத்த மாவு, அதில் இரண்டு சொட்டு எசன்ஸ். பெரிய படிப்புப் படித்தவர்கள் நம்பர் போட்டுப் பூட்டி வைத்த ரகசியம் ஒரு தோல் சீவுகிறவளிடம் அரை நிமிஷம் தாங்கவில்லை.

“இன்னாடி, நம்ம தோலா? வாசனை வருதா?” என்று ஆசையாகக் கேட்டாள் கமலம்மா.

“நம்ம தோல்தான்க்கா. கும்முனு வருது” என்றாள் சுந்தரி. வேறு என்ன சொல்வாள், பாவி!

ஒரு வாரம் அந்தப் பொய்யைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் கமலம்மா கேட்டாள், ஒவ்வொரு நாளும் இவள் சொன்னாள். எட்டாம் நாள் தாங்கவில்லை. எனக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது, சுகரும் நூற்றெண்பதுதான், அக்காவுக்குத்தானே அவசரம் என்று நினைத்தாள். தன் பொட்டலத்தைக் கமலம்மா டம்ளரில் கொட்டினாள், கமலம்மாவின் மாவைத் தன் டம்ளரில் கொட்டினாள். காலிப் பொட்டலங்களை மட்டும் அவரவர் நம்பர்ப்படி அவரவர் பையில் போட்டு வைத்தாள். அதிலெல்லாம் அவள் பலே கெட்டிக்காரி. மேசையில் அக்காவின் கூடை நிறையாத நாளில், தன் கூடைப் பழத்தை அள்ளி அதில் போட்டவள்தான் அவள். இதையும் அப்படித்தான் நினைத்தாள்.

இரண்டாவது முறை திருப்பதிக்குப் போனபோது பிரித்திகா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். “கடைசியில இந்த டப்பாவையெல்லாம் மிஷின்ல போட்டுப் பார்த்தா யாரு தோல் சாப்பிட்டாங்க, யாரு சாப்பிடலன்னு தெரிஞ்சிடும்மா.”

சுந்தரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பொட்டலத்துப்படி தான் தோல் தின்றவள். டப்பாவில் தோல் இல்லையென்றால் மாட்டிக்கொள்வோம், அக்காவையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள். ராத்திரி பகலாக யோசித்தாள். அக்கா டப்பாவில் தோல் தெரிந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊட்டிவிட்ட மாங்காய்த் துண்டு என்று சமாளிக்கலாம். தன் டப்பாவுக்கு ஒரே வழிதான். தோலைத் தின்பது.

சீசன் தொடங்கியிருந்தது. கமலம்மாவின் இடத்தில் வேறொருத்தி, கன்னிகா என்று, எதிரே உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் சுந்தரி வெறும் தோலைத்தான் தின்றாள், சத்தியமாக. சதையைச் சுரண்டி எறிந்துவிட்டு, மருந்து மாதிரி மென்றாள். ஆனால் பெங்களூராத் தோல் தனியாகவா வரும்? இரண்டாம் நாள் சதை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நான்காம் நாள் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷமாக ஒரு துண்டு தொட்டதில்லை அவள். பிள்ளைகள் தின்னும்போது கொல்லைப்பக்கம் போய் நின்றவள். சதை நாக்கில் பட்டதும் எதிரில் கமலம்மா உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது. கங்கையாவின் கத்தல் கேட்டது. கைக்குழந்தையாக இருந்த மகனின் நாக்கு உள்ளங்கையில் பட்டது. இரண்டாம் வாரம் கங்கையா இல்லாத நேரம் பார்த்து முழுப் பழமே தின்றாள். அக்காவுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை என்று அவளுக்கே தெரியும்.

சுகர் என்ன, கணக்குக் கேட்டுவிட்டா ஏறும்? ஆனியில் தாகம் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. “இன்னாடி இப்படி வத்திக்கினு வர?” என்று கிண்டலை மறந்து கேட்டான் திருமலை. வேலை ஜாஸ்தி என்றாள். கமலம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சுந்தரியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளுக்கு, குரல் அதே குரல்தானே!

கமலம்மாவோ தேறிக்கொண்டே வந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் அவ்வப்போது பார்த்ததில் முந்நூற்று இருபது இருநூற்று எழுபதாயிற்று, இருநூற்றுப் பத்தாயிற்று; தன் சுகரைச் சுந்தரி பார்க்கவே இல்லை. ஆடி மாதம் கடைசியாகத் திருப்பதிக்குப் போன அன்று இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள்; கமலம்மாவுக்கு நூற்று அறுபத்தெட்டு. கேட்டதும் கமலம்மா அந்த ஹாலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத்தான் கும்பிட்டாள்.

பிரித்திகா சுந்தரியைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். அவள் கையில் இருந்த சீட்டில் சுந்தரியின் சுகர் முந்நூற்று நாற்பத்திரண்டு என்று இருந்தது.

“என்னம்மா ஆச்சு? பொடி குடிச்சீங்களா? வேற எதாவது சாப்பிட்டீங்களா? எடை ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு.”

பொய் சொல்லிப் பழகிய வாய்தான், ஆனால் இந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் சுந்தரிக்கு முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். மூக்கில் தொடங்கி மாம்பழம் வரைக்கும். பிரித்திகா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

“ஐயோ அம்மா! உங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சிக் கணக்குல இருந்து நீக்கியே ஆகணும், எங்க மேடத்துகிட்ட இன்னைக்கே சொல்லணும். மூணு மாசம் போச்சு.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். “கமலம்மா இதுக்கு முன்னாடி மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?”

“எங்கம்மா! நான் கையில வெச்சாத்தான் போடும்.”

“அப்போ இறங்கினது மாத்திரையாலயா, தோலாலயா? யாராலயும் சொல்ல முடியாது. ஒருத்தரை வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. நீங்க பாட்டுக்கு மாம்பழம் தின்னு உயிரை விடப் பார்த்தீங்களே!” அவள் பேனாவை எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். “இன்னைக்கே போகணும். இப்பவே.”

சுந்தரி அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். சுகர் இறங்கியதும் கண் டாக்டர் குறித்துக் கொடுத்தபடி மூன்று நாளில் கமலம்மாவுக்கு ஆபரேஷன். தான் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டால் அவளை யார் கூட்டிப்போவது? ஆபரேஷன் ஆகிற வரைக்கும் அக்காவிடம் சொல்லாதே தாயி என்று பிரித்திகாவின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வெளியே வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். ஹாலில் வரிசையாகப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் துணியை எடுத்து, மருந்து விட்டுத் துடைத்து, இது எத்தனை விரல் என்று கேட்டாள். மூணு என்றாள் கமலம்மா. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எதிரில் நின்றவளைப் பார்த்தாள்.

“ஏம்மா, என் கூட வந்துச்சே, சுந்தரின்னு ஒரு பொண்ணு, எங்க போயிட்டா அவ?” என்று அவளையே கேட்டாள்.

சுந்தரி குனிந்து அவள் கையைப் பிடித்தாள். “நான்தான்க்கா.”

அந்தக் குரலைக் கேட்டு கமலம்மா எழுந்து நின்றுவிட்டாள். கிட்டே வந்தாள். கழுத்தெலும்பைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கன்னத்தில் குழி விழுந்த இடத்தில் விரலை வைத்தாள். நர்ஸ் அழக்கூடாதும்மா, அழக்கூடாது, கண்ணு கெட்டுப்போயிடும் என்று ஓடி வந்தாள். அழாமல் எப்படி இருப்பது!

“எனக்குத் தெரியும்டி” என்றாள் கமலம்மா. “மூக்குதான்டி செத்துப்பூட்ச்சி. துவர்ப்பு நாக்குலதானே கீது? மொத ஒரு வாரம் வெறும் மாவு. அப்புறம் ஒரு நாள் சுருக்குனு நாக்கைப் புடிச்சிச்சி. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி, உன்னுதைக் குடுக்கிறன்னு. அப்புறமும் தினமும் கேட்டனே, நம்ம தோலான்னு. நீயா சொன்னா வேணான்னு சொல்லணும்னுதான் கேட்டேன். நீ சொல்லல. நானும் வாயை மூடிக்கினு குடிச்சேன். எனக்குக் கண்ணு வேணும்னு இருந்துச்சிடி.”

“நானும் ஒண்ணும் உத்தமி இல்லக்கா” என்று சுந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பேக்டரில உக்காந்து நல்லா மாம்பயம் துன்னேன். நாப்பது பயமாவது இருக்கும்.”

“நாப்பதா!” கமலம்மா வாயில் கை வைத்தாள். “எனக்கு ஒண்ணு எடுத்தாந்தியாடி, பாவி?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கமலம்மா அதிக நேரம் சிரிக்கவில்லை. அன்றைக்கே போகச் சொன்னார்கள் என்று சுந்தரி ரவிக்கைக்குள்ளிருந்து சீட்டை எடுத்ததும் அதை வாங்கி, தேதியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். நான்கு நாள் பழைய தேதி. நெற்றியில் தொங்கும் பச்சைத் துணியும் கறுப்புக் கண்ணாடியுமாக, டாக்டர் படுக்கச் சொன்னதையும் கேட்காமல், சுந்தரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற ஜன்னலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. அந்தக் கோலத்தில் வந்தவளைப் பார்த்து எல்லோரும் வழி விட்டார்கள். உள்ளே இருந்த அம்மாள் நிமிர்ந்து, கண்ணுக்குப் பார்க்கிற இடம் இது இல்லையே என்றாள்.

“எனக்கு இல்லம்மா, இவளுக்கு” என்றாள் கமலம்மா. “எனக்குக் கண்ணு வந்துட்டுது. இவளைச் சீக்கிரம் பாருங்க. இவ போயிட்டா, இந்தக் கண்ணை வெச்சிக்கினு நான் யாரைப் பார்க்கறது?”